நொய்யல் ஆற்றையும் அதன் குளங்களையும் ஒரே நீர்த்தொடராக மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
நொய்யல் பாசன விவசாயிகளும் குளத்து மீனவர்களும் கரையோர ஊர் மக்களும் சேர்ந்த சங்கத்தின் நிர்வாகிகள்,
கோவை, திருப்பூர் மாவட்டங்கள்.

பெறுநர்
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்.
2. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்.

நகல்: நீர்வளத் துறை செயற்பொறியாளர், மாநகராட்சி ஆணையர்கள், மாவட்ட வன அலுவலர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்கள்.

பொருள்: நொய்யலிலும் அதன் அணைக்கட்டுகள், ராஜவாய்க்கால்கள், குளங்களிலும் நீரின் தரத்தை மீட்டு, பறவைகளும் மீன்களும் வாழத் தக்க ஓரங்களைத் திரும்ப உருவாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நொய்யலுக்கும் குளங்களுக்கும் அரசு பணம் ஒதுக்குவதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். அந்தப் பணத்தில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு. குளத்துக்குச் சீரமைப்பு என்றதும் கரையில் நடைபாதை, அலங்கார விளக்கு, படகுத்துறை என்று மதிப்பீடு தயாராகிவிடுகிறது. குளத்துக்குள் எந்தத் தண்ணீர் வருகிறது, எந்த வழியாக வருகிறது என்பதற்கு அந்த மதிப்பீட்டில் ஒரு பக்கம்கூட இருப்பதில்லை. முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், கரை வேலையை அதன் பிறகு பார்க்கலாம் என்பதே இந்த மனுவின் சாரம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 180 கி.மீ. ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கும். வடகிழக்குப் பருவமழை சமவெளியை நனைக்கும். இரண்டையும் நம்பி வாழ்ந்த முன்னோர், ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகளைக் கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டிக் குளங்களை நிரப்பினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி குளங்களுக்குப் போகிறது. குறிச்சிக் குளத்துக்கும் வெள்ளலூர்க் குளத்துக்கும் தனித்தனி அணைக்கட்டுகள் உண்டு. ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குக் கீழே உள்ளவை வறண்டுபோகும் அல்லது சாக்கடை தேங்கும் இடமாகிவிடும். வெள்ளலூர்க் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, தன்னார்வலர்கள் வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுத்த பின் நிரம்பியதைக் கோவைவாசிகள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் குளத்துக்குத் தேவைப்பட்டது நீர் வரும் வழி ஒன்றுதான்.

நகரத்துக் குளங்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவை சித்திரை, வைகாசியிலும் தளும்பி நிற்கின்றன. அதைப் பார்த்து நீர்வளம் பெருகிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. மழைக்குளம் என்றால் கோடையில் சுருங்க வேண்டும். அடிமண் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்க வேண்டும். காற்றுப் பட்டு வண்டலில் உள்ள மட்கு சிதைந்து, புல் முளைத்து, ஆடு மாடு மேய்ந்து, அதன் பிறகு வரும் புதுத் தண்ணீரில்தான் மீன்குஞ்சும் நத்தையும் பெருகும். நகரத்தில் கோடையிலும் வற்றாத குளம் பெரும்பாலும் சாக்கடையால் நிற்கிற குளம். மனிதக் கழிவிலும் சோப்பு நுரையிலும் வருகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. இலைப்பரப்பு மூடியதும் வெளிச்சம் உள்ளே போகாது, நீரில் கரைந்த ஆக்சிஜனின் அளவு விடியற்காலையில் மிகவும் குறைந்துவிடும். ஒரே இரவில் மீன்கள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வலை போடுகிறவர் காலையில் கரைக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் பார்ப்பது, வாய் திறந்தபடி ஓரத்தில் ஒதுங்கிய கெண்டைகளைத்தான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை சாக்கடையைப் பற்றியது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. நகரின் எல்லா வீட்டுக் கழிவுநீரும் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை, குழாயில் ஏறாத பகுதி சங்கனூர்ப் பள்ளம் போன்ற ஓடைகள் வழியாகக் குளத்துக்கும் ஆற்றுக்கும்தான் வரும். ஓடையோரம் நடந்துபோய், எந்தத் தெருவின் வடிகால் எந்த இடத்தில் ஓடையில் விழுகிறது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து, அந்த வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குழாய் இணைப்புத் தர முடியாத இடங்களில் ஓடைக்கரையிலேயே சிறிய சுத்திகரிப்பு அமைப்புகள் வைக்கலாம். சுத்திகரித்த நீரைக் குளத்தில் விடும் முன் கோரையும் சம்பும் வளர்ந்த ஆழமற்ற பாத்திகள் வழியாக ஓட விடலாம். வேரோரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் குறைக்கும். இந்தப் பாத்திகளைக் காட்டி, சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம் என்று யாரும் செலவைக் குறைக்கப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். நகரத்தின் நேரடிச் சாக்கடை முழுவதையும் இந்தப் பாத்திகளால் மட்டும் சுத்தமாக்க முடியாது.

தரத்துக்கு அளவுகோல் ஏற்கெனவே உள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், மக்கள் இறங்கிக் குளிக்கத் தக்க ஆற்றுநீர் என்றால் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகாமலும், கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நொய்யலை இந்த நிலைக்குக் கொண்டுவருவதை இலக்காக எழுத்தில் அறிவியுங்கள். மாதம் ஒருமுறை அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் எடுக்கும் பரிசோதனை முடிவுகளை, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் வார்டு அலுவலகத்திலும் தமிழில், எண்ணும் அதன் பொருளும் சேர்த்து ஒட்டுங்கள். ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சாயக் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தி நூலில் சாயம் ஏற உப்புச் சேர்க்க வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணீரும் அதனால்தான் கிணற்றைக் கெடுத்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாக மாறியது. 1997-இல் அங்கிருந்து திறந்துவிட்ட நீர் கீழே உள்ள வயல்களைக் கெடுத்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே போராட நேர்ந்ததைவிடக் கொடுமை வேறு இல்லை. அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2009-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை திருப்பூரில் வேரூன்றியது. அதற்காகச் சாய ஆலை நடத்துகிறவர்கள் போட்ட முதலும் பட்ட சிரமமும் எங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் எங்கள் உறவினர்கள். முறையாக நடத்துகிறவர் நட்டப்பட, இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுகிறவர் லாபம் பார்ப்பது நியாயமா என்று அவர்களே கேட்கிறார்கள்.

எனவே நொய்யலிலும் அதன் துணையாறான நல்லாற்றிலும் முக்கிய இடங்களில் உப்பின் அளவைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவிகள் வைத்து, அளவு திடீரென ஏறினால் அன்றிரவே ஆய்வு நடக்க ஏற்பாடு செய்யுங்கள். மழை பெய்யும் இரவுகளில் ஆய்வுக் குழு கட்டாயம் களத்தில் இருக்க வேண்டும், நுரை பொங்கி வருவது அப்போதுதான். சுத்திகரிப்பில் மிஞ்சி ஆலைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கியுள்ள கலப்பு உப்பைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் திட்டத்தை அரசே முன்னின்று வகுக்க வேண்டும். ஒரத்துப்பாளையம் அணையின் அடிவண்டலை முழுமையாகப் பரிசோதித்து, முடிவை ஆயக்கட்டு ஊர்களின் கிராம சபையில் வைக்க வேண்டும். அதற்கு முன் அங்கே எந்தச் சுற்றுலாத் திட்டமும் வேண்டாம்.

அடுத்து, தூர்வாரும் முறை. பொக்லைன் இறக்கிக் கரையிலிருந்து கரைவரை ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதைத்தான் இப்போது தூர்வாருதல் என்கிறோம். குளம் வாணலியைப் போல இருக்க வேண்டும். நடுவில் ஆழம் இருக்கலாம், விளிம்பு மெல்லச் சரிய வேண்டும். அந்தச் சரிவில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாக நிற்கும் தண்ணீரில்தான் உள்ளானும் கொக்கும் இரை தேடும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலையை நீருக்குள் அமிழ்த்தி மேயும் பறவைகள், ஆழத்தில் அவற்றுக்கு வேலையில்லை. கரையைக் கல்லும் காங்கிரீட்டும் கொண்டு மூடினால் இழப்பு இன்னும் பெரிது. செங்குத்தான மண்கரையில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அலகால் குடைந்து, அந்தப் பொந்தில் முட்டையிடுகின்றன. வாசலில் எச்சத்தின் வெள்ளைக் கோடும் மீன்முள்ளும் கிடப்பதைக் கண்டால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கரைக்குச் சிமெண்டுப் பூச்சு அடிக்க ஒரு நாள் போதும், அந்தப் பறவைகளுக்கு வேறு கரை கிடைப்பது எளிதல்ல.

இனி எந்தக் குளத்திலும் கரையின் முழுநீளத்துக்கும் காங்கிரீட் போடக் கூடாது. கரை உடையும் அபாயமுள்ள இடத்தில் கற்பதிப்பு வேண்டுமானால் பொறியாளர் அதை எழுத்தில் நியாயப்படுத்தட்டும். கோரைக்காட்டில் ஒரு பகுதியைத் தொடாமல் விட வேண்டும், நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டுவது அங்கேதான். தோண்டிய மண்ணில் குளத்துக்குள்ளேயே திட்டுகள் அமைத்து நாட்டுக் கருவேலம், நீர்மருது நட்டால், நாய்க்கும் மனிதருக்கும் எட்டாத இடத்தில் நாரைகளும் நீர்க்காகங்களும் தங்கும். சாக்கடை கலந்த குளத்தின் வண்டலைக் கன உலோகப் பரிசோதனை செய்யாமல் வயலுக்கு எடுக்க அனுமதி தரக் கூடாது. இதைக் கேட்பது வண்டல் தேவைப்படும் விவசாயிகளாகிய நாங்களே.

மீன்வளத்திலும் கவனம் தேவை. நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி கழிவுநீரிலும் செழிக்கும், தன்னைவிடச் சிறிய எதையும் விடாமல் தின்னும். குளத்தில் எந்தக் குஞ்சு விடப்படுகிறது என்பதைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதி, நாட்டு மீன் இனங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் நல்ல முன்னுதாரணம் நம் கண்முன் இருக்கிறது. நல்லாற்று நீரை நம்பிய இந்தக் குளத்தில் 190-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. 2022-இல் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் குளத்தின் எல்லைக்குள் பாதுகாப்பு வந்திருக்கிறது. நல்லாற்றில் மேலே கலக்கிற கழிவைச் சரணாலய வேலி தடுக்காது. அங்கே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்குமாறும், கோவையில் சிங்காநல்லூர்க் குளம் உள்ளிட்ட நொய்யல் குளங்களை 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அறிவிக்கை செய்ய மாநில ஈரநில ஆணையத்துக்குப் பரிந்துரைக்குமாறும் வேண்டுகிறோம். அறிவிக்கை வந்த பின்னும் மீனவர்களின் வலை உரிமையும் விவசாயிகளின் பாசன உரிமையும் தொடர வேண்டும். குளத்தைக் காலங்காலமாகக் காவல் காத்தவர்களை வெளியே நிறுத்திக் குளத்தைக் காப்பாற்ற முடியாது.

ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நில அளவை செய்து எல்லைக்கல் நடுங்கள். ஓடையோரம் குடிசை போட்டு வாழும் ஏழைகளுக்கு, அவர்கள் வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும். வாய்க்கால் மேல் சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய கட்டடங்களுக்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை. கள ஆய்வில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, எளியவர் வீட்டை மட்டும் இடிக்கும் வழக்கம் இந்த முறை தொடரக் கூடாது.

கடைசியாக, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. ஆறு நீர்வளத் துறையிடம், நகரக் குளங்கள் மாநகராட்சியிடம், கழிவின் கண்காணிப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், பறவைகள் வனத்துறையிடம் இருக்கின்றன. மாவட்ட எல்லையில் புகார் கொடுத்தால் அடுத்த மாவட்டத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து காவிரி சேரும் இடம்வரை நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து அதிகாரமுள்ள ஒரே அலுவலரை நியமிக்க அரசுக்குப் பரிந்துரையுங்கள். அவரது தலைமையில் இந்தத் துறைகளோடு பாசன விவசாயிகள், மீனவர்கள், சாயத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் உட்காரும் குழு அமைய வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே ராஜவாய்க்கால்களின் குப்பையையும் மதகுகளின் பழுதையும் நீக்கிவிட வேண்டியிருப்பதால், அந்த ஒரு வேலையை மட்டும் மற்றவற்றுக்காகக் காத்திராமல் உடனே தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். மற்றக் கோரிக்கைகளைப் பேச, இரு மாவட்டத் துறை அலுவலர்களும் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு ஒரு தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வாய்க்கால்களின் பழைய தடங்களை அறிந்த மூத்த விவசாயிகளையும் நீர்மணியம் பார்த்தவர்களையும் கள ஆய்வுக்கு நாங்களே அழைத்து வருகிறோம்.



இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.