கஞ்சித்தொட்டியும் கடல் நேரமும்

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை முதியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வதுண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி, 1799இல் தோன்றிய மருத்துவமனையின் தொடர்ச்சி அது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் பின்னாளில் வந்து சேர்ந்தது. மக்கள் நாவில் நின்றதோ கஞ்சித்தொட்டி.

காசிமேட்டிலிருந்து அம்மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை. சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும், நோய் முற்றிய பிறகே மீனவர்கள் வருகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். 'விழிப்புணர்வு இல்லை' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

அவர்களுடைய ஒரு நாளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கூடை எடுத்த பெண் தெருத்தெருவாக விற்று முடிப்பதற்குள் உச்சிப்பொழுதாகிவிடும். புறநோயாளிப் பிரிவு இயங்குவதும் அதே காலைப்பொழுதில்தான். சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் மீன் கெடும். தண்டல்காரருக்குத் தர வேண்டிய அன்றைய தவணை தவறும். விசைப்படகில் செல்பவரோ பல நாள் கழித்தே கரை காண்கிறார். சர்க்கரை மாத்திரை தீரும் நாளும் அவர் கரை திரும்பும் நாளும் ஒன்றாக அமைவது அரிது.

ஆக, இங்கே குறைவது அறிவன்று, நேரம். எல்லோர்க்கும் ஒரே வாசலைத் திறந்துவைப்பது சமத்துவம் போலத் தோன்றும். அவ்வாசல் மாத ஊதியம் பெறும் நம் போன்றோர்க்கு ஒரு நாள் விடுப்பையே விலையாகக் கேட்கிறது. அவர்களிடமோ அன்றைய உலையைக் கேட்கிறது.

அரசு இதை உணராமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2023இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குமாறு அமைக்கப்பட்டன. நல்ல திசைதான். ஆனால் வீடு தேடி வரும் தன்னார்வலர், கடலில் இருப்பவரை எங்கே தேடுவார்?

நாம் கேட்பது பெரிதன்று. படகு புறப்படும் துறைமுகத்திலேயே, பயண நாட்களுக்குப் போதுமான மாத்திரைகள் கிடைக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருப்பர். கண், சர்க்கரை, இரத்த அழுத்தம், நுரையீரல் ஆகிய பரிசோதனைகளை அப்போது காசிமேட்டிலேயே முறையாக நடத்தலாம். அந்த நாட்கள் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. அவற்றைக் குறித்துவைத்துக்கொள்ள ஒரு நாட்காட்டி போதும்.