விரைவுப் பட்டமும் ஈட்டுக் காணியும்

உரும்பிராயிலே தோட்டக் காணியை ஈடு வைத்தேனும் மகளைக் கடல் கடந்து தாதியியல் கற்க அனுப்பத் துணியும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை கூற விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாதியியற் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலோ இரண்டு ஆண்டுகள். அமெரிக்காவில் ஒன்றரை ஆண்டுக்குள் முடிப்பனவும் உள. அப்படியாயின் நம்மவர் காலத்தை வீணாக்குகின்றனரா? இல்லை. அவ்விரைவுப் படிப்புகள் முன்னரே பல்கலைக்கழகத்திற் பயின்றவர்களுக்கென வகுக்கப்பட்டவை. உயர்தரப் பரீட்சையோடு நிற்கும் பிள்ளைக்கு அவ்வாசல் திறவாது. நுழைந்தவர்க்கும் மருந்தியலோ நோயாளர் விடுதிப் பயிற்சியோ குறைவதில்லை; நாட்களே குறைகின்றன. குறுகிய காலப் பயிருக்கு ஒரு நாள் நீர் தவறினால் என்னவாகும் என்பதை நம் கமக்காரர் அறிவர். பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கும். அப்பிள்ளையிடம் மாதந்தோறும் பணம் எதிர்பார்ப்பது கொடுமையன்றோ?

தாதியர் டிப்ளோமா பெற்று இங்கே பணிபுரிவோர்க்கு வேறு வழி உண்டு. வேலையை விடாமலே கற்கும் பட்டப்படிப்பை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல் தொடங்கியது. அதற்குக் காணி ஈட்டுக்குப் போகவேண்டியதில்லை.

போகத்தான் வேண்டுமெனில், பட்டத்தோடு அலுவல் முடிவதில்லை. ஒன்ராறியோவில் 2015 முதல், அமெரிக்காவிற் போலவே, என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்விலே தேறினாற்றான் பதிவுபெற்ற தாதியாகலாம். அக்கல்லூரியின் பட்டம் அப்பதிவுக்கு ஏற்கப்படுமா? எழுத்தில் விடை தராத முகவருக்கு ஒரு சதமும் கொடாதீர்கள். அதுவரை ஈட்டு உறுதியிற் கையொப்பமும் இடாதீர்கள்.