தலைமையும் மதிப்பீடும்

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தோன்றியது. மேல்நிலைப் பொதுத்தேர்வின் தேர்ச்சி வரிசையில் அது பல முறை மாநிலத்தின் கடைசிப் பகுதியில் நின்றதுண்டு. அத்தகைய ஆண்டுகளில் விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் தலைமையாசிரியரே. ஆகவே அவர் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, விடுமுறையிலும் பயிற்சி என்று முனைகிறார். தேர்ச்சி உயர்ந்ததும், பள்ளியைத் தலைநிமிரச் செய்ததாக எண்ணுகிறார். அதே பள்ளியின் ஆசிரியரோ, தம்மை ஒரு சொல்லும் கேளாமல் கால அட்டவணை மாற்றப்பட்டதையே நினைவில் வைத்திருக்கிறார். இருவர் கூற்றும் பொய்யன்று.

இவ்வேறுபாட்டை அளக்கக் கருவியும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் 50 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கினார். அதில் தலைமையாசிரியருக்கு ஒரு படிவம். அதே செய்திகளைக் கேட்டு ஆசிரியர்களுக்கு மற்றொரு படிவம். தலைமையாசிரியர்கள் தமக்கு அளித்துக்கொள்ளும் மதிப்பு, ஆசிரியர்கள் அவர்களுக்கு அளிப்பதைவிடப் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கக் காண்கிறோம்.

இதனைத் தற்பெருமை என்று தள்ளிவிட நான் உடன்படேன். சத்துணவுக் கணக்கு, எமிஸ் பதிவு, மிதிவண்டி வழங்கல், கழிப்பறைப் பழுது, அலுவலகக் கூட்டம் என ஒரு தலைமையாசிரியரின் பகற்பொழுது கரைகிறது. இவற்றுள் எதுவும் வகுப்பறையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் காண்பவை வேறு. தாம் பாடம் நடத்தும்போது தலைமையாசிரியர் வந்து அமர்ந்தாரா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்து தாமதமான நாளில், பதிவேட்டில் குறியிடுமுன் காரணம் கேட்டாரா? தலைமையாசிரியர் தம் உழைப்பை எண்ணுகிறார். ஆசிரியர் தம்மை வந்தடைந்ததை எண்ணுகிறார்.

ஆசிரியர் தீர்ப்பும் குறையற்றதன்று. விடுப்பு மறுக்கப்பட்ட வாரத்தில் படிவம் நிரப்புபவரின் எழுதுகோல் சற்றுக் கடுமையாகவே ஓடும்! எனினும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றால், ஆசிரியர் மதிப்பீட்டிற்கே நான் கூடுதல் எடை தருவேன். தலைமையாசிரியரின் எண்ணம் மாணவரைச் சென்றடையும் வழி அவர்கள்தாம்.

ஆள்வோருக்கு இடித்துரைப்போர் துணை வேண்டும் என்பதைத் திருக்குறள் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வற்புறுத்துகிறது. நம் பள்ளிகளில் இடித்துரைப்பது எளிதன்று. பன்னிரண்டு ஆசிரியர்களே உள்ள பள்ளியில் பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஆண்டிற்கு ஒருமுறை, எழுதாமல் குறி மட்டும் இடும் படிவம் போதும். அதன் தொகுப்பு தலைமையாசிரியர் கைக்கு மட்டுமே செல்லவேண்டும். மேலலுவலகத்திற்குச் சென்றால் அதுவும் மற்றொரு தரவரிசையாகிவிடும். தாம் முன்னரே நிரப்பிய படிவத்தை அருகில் வைத்து, எந்தக் கூற்றில் இடைவெளி மிகுதி என்று அவர் பார்க்கட்டும். அடுத்த ஆண்டின் சிறப்பு வகுப்பு அட்டவணையை அதன்பின் வரையலாம்.