மாதந்தோறும் வரும் “ஹலால் இலாபம்”



வட்டியை அஞ்சி ஒதுங்கும் சமுதாயம் நம்முடையது. வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்ட வட்டியைத் தொட மனமின்றி, அதனை என்ன செய்வதென்று ஆலிம்களிடம் வந்து கேட்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கின்றார்கள். போற்றத்தக்க பேணுதல் இது. ஆனால் இந்தப் பேணுதலையே தூண்டிலில் இரையாகக் கோத்தவர்களும் நம்மிடையே தோன்றிவிட்டார்கள். “இது வட்டியன்று, ஹலாலான இலாபம். ஓர் இலட்சம் கொடுங்கள், மாதம் 3,000 ரூபாய் வீடு தேடி வரும்” என்பார்கள். இந்த வார்த்தையை நம்பி மகளின் நிக்காஹுக்கு வைத்திருந்த நகையையும், ஹஜ்ஜுக்கெனச் சேர்த்த தொகையையும், வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தையும் இழந்து நிற்கும் குடும்பங்கள் பல.

பெங்களூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. நிறுவனத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஹலால் முதலீடு என்னும் பெயரில் அது பணம் திரட்டியது, நகைக்கடையும் நடத்தியது. 2019 ஜூன் மாதத்தில் அதன் தலைவர் நாட்டை விட்டு வெளியேறினார். சிவாஜி நகரில் அந்நிறுவனத்தின் வாசலில் மக்கள் திரண்டார்கள். பல்லாயிரம் பேர் காவல்துறையிடம் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அடுத்த மாதம் டில்லியில் கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், ஹைதராபாத்தை மையமாகக் கொண்டு ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை இலாபம் தருவதாகச் சொன்ன ஹீரா குழுமத்தின் தலைவர் கைதாகியிருந்தார். அச்செய்தியைப் படித்த பின்னரும் மக்கள் விழித்துக் கொள்ளவில்லை என்பதுதான் வேதனை.

இவர்களெல்லாம் உச்சரித்த சொல் “முளாரபா”. ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இது “கிராள்” என்று வழங்கும். ஒருவர் முதலைத் தருவார். மற்றவர் உழைப்பைத் தருவார். கிடைக்கும் இலாபத்தை இருவரும் பங்கிட்டுக் கொள்வார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்னர் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை ஷாம் தேசத்திற்குக் கொண்டு சென்று வணிகம் செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். அவ்வணிகத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒட்டகங்கள் திரும்பி வந்த பின்னரே தெரியும். புறப்படும் முன்பே தெரியாது.

மார்க்கச் சட்டம் இங்கு வைத்துள்ள நிபந்தனையைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். இலாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று பங்காகத்தான் பேசிக் கொள்ள வேண்டும். “மாதம் இவ்வளவு ரூபாய்” என்று தொகையாகப் பேசினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. உழைத்தவரின் கவனக்குறைவோ வரம்பு மீறலோ இன்றி நஷ்டம் ஏற்பட்டால் அது முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீண். ஆகவே, “முதலுக்கு நான் பொறுப்பு, மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம்” என்று ஒருவர் சொன்ன அந்தக் கணமே அவர் கூறுவது முளாரபா அன்று என்று தெரிந்துவிடுகிறது. ஒன்று, அது பெயர் மாற்றிய வட்டி, இல்லையேல் மோசடி. வேறொரு நூலையும் புரட்ட வேண்டியதில்லை.

“என் மச்சானுக்கு இரண்டு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் வருகிறதே!” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 100 பேர் ஆளுக்கு ஓர் இலட்சம் தருகிறார்கள். ஒரு கோடி ரூபாய் சேர்கிறது. ஆளுக்கு மாதம் 3,000 என்றால் மொத்தம் மூன்று இலட்சம். எந்த வியாபாரமும் செய்யாமல், அந்த ஒரு கோடியிலிருந்தே எடுத்துக் கொடுத்தாலும் 33 மாதங்கள் தடையின்றிக் கொடுக்கலாம்! இடையில் புதிதாக ஆட்கள் சேரச் சேர இன்னும் நீளும். ஆகவே இரண்டாண்டுகள் ஒழுங்காக வந்தது வியாபாரம் நடப்பதற்குச் சான்றாகாது. கடைத்தெருவில் துணிக்கடையோ மளிகைக்கடையோ நடத்தும் நம் சகோதரரைக் கேட்டுப் பாருங்கள்: வாடகையும் சம்பளமும் போக, போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் 36 விழுக்காடு தவறாமல் நிற்கிறதா என்று. அவர் சிரிப்பார்.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று விற்றவரைக் கண்டித்தார்கள். விற்பவரின் கடமையைச் சொல்ல இந்த ஹதீஸை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள் என்பதை மட்டும் ஏனோ கடந்து போய்விடுகிறோம்.

நம்மவர்கள் கை விட்டுப் பார்க்கத் தயங்குவதற்குக் காரணம் கூச்சம். ஐந்து வேளையும் தொழுபவர், தாடி வைத்தவர், இரண்டு முறை ஹஜ்ஜு செய்தவர். அவரிடம் போய்ப் பத்திரம் கேட்பதா, கணக்கைக் காட்டு என்பதா என்ற கூச்சம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படியும் சாட்சிகளை வைத்துக் கொள்ளும்படியும் கட்டளையிடுகிறது. அக்கட்டளை ஈமான் கொண்டவர்களை விளித்தே இறங்கியது. தொழுகையாளியிடம் எழுத்துக் கேட்பது அவமதிப்பு என்றால் அந்த வசனத்திற்கு வேலையே இல்லை. பெங்களூரில் பணம் போட்டவர்களைக் காகிதத்தில் “பங்குதாரர்” என்று எழுதினார்கள். பங்குதாரர் என்றால் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டல்லவா? எத்தனை பேர் கேட்டார்கள்?

உலமாப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. திறப்பு விழாவுக்கு அழைத்தால் துஆச் செய்துவிட்டு வருகிறோம். அந்தப் புகைப்படம் மறுநாள் விளம்பரமாகிறது. கணக்குப் புத்தகத்தைக் காணாத ஆலிம் “ஹலால்” என்று சொல்ல அவருக்கு என்ன ஆதாரம்? அத்தகைய அழைப்புகளை மறுத்துவிடுவதே நமக்குக் கண்ணியம்.

ஆள் சேர்த்துக் கமிஷன் பெறுபவர்களும் தாங்கள் தூதுவர்கள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நடத்துவது மட்டுமல்ல, பொய் வாக்குறுதி என்று அறிந்தே பிறரை அதில் பணம் போடத் தூண்டுவதும் குற்றம். வைப்புத் தொகை பெற ஒரு நிறுவனத்திற்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் “சசேத்” இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். பணத்தை இழந்துவிட்டவர்கள் “குடும்ப மானம் போய்விடும்” என்று வாய் மூடி இராமல், தமிழ்நாட்டுக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் உடனே புகார் அளிக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கச் சொத்துகள் கைமாறிக் கொண்டே போகும்.

“நான் முதலையும் எடுத்துவிட்டேன், இலாபமும் வாங்கிவிட்டேன், அந்த இலாபத்தில் ஹஜ்ஜு செய்யலாமா?” என்று, நிறுவனம் முறிவதற்கு முன்பே வெளிவந்தவர்கள் கேட்கின்றார்கள். போட்ட முதல் உங்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் வியாபாரமே நடவாத இடத்தில் இலாபம் எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு விதவையின் கைப்பணமாக அது இருக்கலாம். பிறர் பொருளைக் கொண்டு ஹஜ்ஜு கடமையாவதில்லை. உரியவர்கள் இன்னாரென்று தெரிந்தால் அவர்களிடமே சேர்ப்பியுங்கள். தெரியாவிடில், அந்நிறுவனத்தின் சொத்துகளை ஏலமிட்டு இழந்தவர்களுக்குப் பங்கிட அரசு நியமித்திருக்கும் அதிகாரியிடம் அத்தொகையைக் கட்டிவிட்டு இரசீது பெற்றுக் கொள்ளுங்கள்.