மின்னணுச் சான்றுக்குக் காவல் தேவை

கேரளத்தில் 2017இல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில், தாக்குதல் காட்சி அடங்கிய மெமரி கார்டில் உள்ள பதிவும் ஆவணமே என்றும், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு எதிர்த்தரப்புக்கு நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்றும் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், நீதிமன்றப் பொறுப்பில் இருந்த அந்த கார்டின் ஹாஷ் மதிப்பு மாறியிருப்பதைத் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் கண்டறிந்தது. ஹாஷ் மதிப்பு என்பது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதும், அதில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் வேறுபட்டுவிடுவதுமான எண்ணெழுத்துக் கோவையாகும். இம்மாற்றம் குறித்து விசாரிக்க 2023 டிசம்பரில் உத்தரவிட்ட கேரள உயர் நீதிமன்றம், பாலியல் காட்சிகள் அடங்கிய சான்றுகளைக் கையாள நெறிமுறைகளையும் வகுத்தது.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்பவரும் நிபுணரும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்டுச் சான்றளிக்க வேண்டும் என்கிறது. எனினும், அச்சான்று தாக்கலாகும் நாளின் நிலையை மட்டுமே உறுதிசெய்யும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீளும் விசாரணைக் காலத்துக்கு அது காவலாகாது. எனவே, மூலத்தை முத்திரையிட்டு வைத்து நகலிலேயே ஆய்வு நடத்துவதையும், யார், எப்போது, எதற்காகத் திறந்தனர் என்பதைப் பதிவேட்டில் குறிப்பதையும், கைமாறும் ஒவ்வொரு முறையும் ஹாஷ் மதிப்பைச் சரிபார்ப்பதையும் எல்லாக் குற்றவியல் நீதிமன்றங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.