“அவர்களுக்கு எங்கே புரியும்?”

கிள்ளானில் ஒரு பங்கில் திருமண ஆயத்த வகுப்பு. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை இந்து. கருத்தடை பற்றிப் பேச்சு வந்தபோது அந்தத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: “ஏண்ணா கூடாது?” பாடம் நடத்தியவர், “திருச்சபைச் சட்டம் தம்பி” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் எங்களிடம், “விசுவாசம் இல்லாதவங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்?” என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

1968-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் கருத்தடை பற்றிய ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலை நல்மனம் கொண்ட எல்லா மனிதருக்கும் சேர்த்தே எழுதினார். மனித அறிவு எட்டக்கூடிய இயற்கை அறத்தின் மேல்தான் தம் வாதத்தைக் கட்டினார். பாப்பரசர் திறந்து வைத்த கதவை நாம் ஏன் சாத்துகிறோம்?

நம் அண்டை வீட்டார் அறம் அறியாதவர்களா? பிறனில் விழையாமைக்கு வள்ளுவர் இல்லறவியலில் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்று சட்டமானது. திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவந்த அந்த நீதியை ஏற்க யாருக்கும் ஞானஸ்நானம் தேவைப்படவில்லை.

குறை கேட்பவரிடம் இல்லை, நம் கூச்சத்தில் இருக்கிறது. திருக்குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மொழிபெயர்த்தார், இன்பத்துப்பாலைத் தொடவில்லை. அவர் துறவி. குடும்பஸ்தர்களான நமக்கு அந்தத் தயக்கம் எதற்கு? இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை புதன்கிழமை உரைகளில் மனித உடலைப் பற்றியும் தாம்பத்திய அன்பைப் பற்றியும் விரிவாகப் பேசினாரே!

அந்தத் தம்பிக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: “தாம்பத்தியம் என்பது ஒருவருக்கொருவர் தன்னை முழுசாகக் கொடுப்பது. தாயாகும், தந்தையாகும் ஆற்றலை மட்டும் விலக்கிவைத்தால் அந்தக் கொடையில் குறை விழுகிறது என்கிறோம். பிள்ளைகளுக்கு இடைவெளி வேண்டுமென்றால் பில்லிங்ஸ் முறை இருக்கிறது. மனைவியின் உடல் காட்டும் அறிகுறிகளைக் கணவனும் கற்றுக்கொள்ள வேண்டும், கருத்தரிக்கக்கூடிய நாட்களில் அவனும் காத்திருக்க வேண்டும். மாத்திரையும் ஊசியும் அவள் உடம்போடு போகிற சுமையாக இருக்கக் கூடாது.” அவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் தன்னை ஒரு மனிதனாக மதித்துப் பதில் சொன்னார்கள் என்று வீட்டுக்குப் போயிருப்பார்.

கற்பு என்ற சொல்லைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைத்த சமூகம் இது. ஆணுக்கும் அதே கற்பு, அதே கணக்கு என்பது திருச்சபையின் போதனை. குடியும் வைப்பும் சிதைத்த வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆனால் வாய் திறக்குமுன் நம் வீட்டைப் பெருக்க வேண்டும். குருக்கள் சிலர் சிறாருக்கு இழைத்த கொடுமைகளைப் பல நாடுகளில் திருச்சபை மூடி மறைத்தது. அதை ஒப்புக்கொள்ளாதவன் கற்பைப் பற்றிப் பேசினால் எவர் காதிலும் ஏறாது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய நம் நாட்டுச் சட்டம், 2017 முதல், தெரிந்தும் போலீசில் சொல்லாதவரையும் தண்டிக்கிறது. பங்குப் பேரவை ஒவ்வொன்றும் இதை மக்கள் முன் வாசிக்கட்டும்.

ஞானோபதேசம் நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, “ஏன்?” என்று கேட்கிறவர் எதிரி அல்லர். பதில் தெரியாவிட்டால் “தெரியவில்லை” என்று சொல்லுங்கள். படித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள். “உனக்குப் புரியாது” என்று மட்டும் இனி ஒருவரிடமும் சொல்லாதீர்கள்.