அறுந்த பெல்ட்டை எறியாதீர்கள்

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஹாலிபர்ட்டன் பக்கமிருந்து ஒருவர் தன் ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு அறுந்த மூன்றாவது பெல்ட் அது. முதல் இரண்டையும் வேறோர் இடத்தில் மாற்றியிருந்தார். மலிவான பெல்ட்டை மாட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. எங்களிடம் வேலை பழகும் பையன் அதற்குள் புதுப் பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான்.

“பொறு தம்பி. பழசு எங்கை?”

“குப்பை வாளிக்குள்ளை போட்டிட்டன் அண்ணை.”

“எடுத்துக்கொண்டு வா.”

மேசையில் நீட்டிவைத்துப் பார்த்தோம். ஒரு விளிம்பு கண்ணாடிபோலப் பளபளத்தது. அந்தப் பக்கத்து நார்கள் மட்டும் சாக்கு நூல்போலப் பிரிந்து தொங்கின. மறு விளிம்பில் பெரிய தேய்மானமே இல்லை. பெல்ட் நேராக ஓடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அலைன்மென்ட் பாரை வைத்தால் இரண்டு கிளச்சும் சரியான ஆஃப்செட்டில் நின்றன. அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு கம்பியால் எஞ்சினை நெம்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: எஞ்சின் மவுண்ட் ஒன்றின் ரப்பர் உள்ளுக்குள் கிழிந்திருந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் தன் இடத்தில் நிற்கிறது. திராட்டில் கொடுத்ததும் பெல்ட்டின் இழுப்பில் திரும்பிவிடுகிறது. மூன்று பெல்ட்டையும் தின்றது அந்த ரப்பர் துண்டு.

முன்பு மாற்றியவர்களும் பெல்ட்டைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பழைய பெல்ட்டை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம் தொழிலில் இந்தத் தவறு எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதே என் கவலை.

ஊரில் டியோ ஸ்கூட்டர் கழற்றிப் பழகிய கையோடு இந்த வேலைக்கு வந்தவர்கள் நம்மில் உண்டு. ஸ்கூட்டரும் ஸ்னோமொபைலும் பெல்ட்டால் ஓடும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை மனதில் இருத்தவேண்டும். ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். பின்னால் இருக்கும் கிளச் ஷூதான் வழுக்கி, பிடித்து, வண்டியைக் கிளப்பும். ஸ்னோமொபைலில் அப்படித் தனி ஷூ கிடையாது. ஐட்லில் பெல்ட் பிரைமரி கிளச்சுக்குள் தளர்வாகக் கிடக்கும். பெரும்பாலான வண்டிகளில் 3000 முதல் 4000 ஆர்பிஎம்முக்குள் ஓரிடத்தில் தட்டுகள் நெருங்கி அதைக் கவ்வும். அதாவது கியரும் பெல்ட்தான், கிளச்சும் பெல்ட்தான். ஒவ்வொரு முறை வண்டி புறப்படும்போதும் வழுக்கும் சூட்டை அது தன் உடம்பில் வாங்குகிறது.

ஆகவே பெல்ட் கெட்ட விதத்தைப் பார்த்தாலே கதையில் பாதி தெரிந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் குழிந்து இடுப்பு ஒடுங்கினாற்போல் இருந்தால், டிராக் உறைந்து கிடந்தபோது திராட்டிலை அழுத்தியிருக்கிறார்கள். பெல்ட் நின்ற இடத்திலேயே நிற்க, பிரைமரி அதைச் சுரண்டியிருக்கிறது. தவறு பெல்ட்டுடையது அல்ல. காலையில் பின்பக்கத்தைத் தூக்கி டிராக்கை விடுவித்துவிட்டுக் கிளப்புங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதே நாம் செய்யவேண்டிய ரிப்பேர். இரு விளிம்பும் சுற்றிவர ஒரே சீராகப் பளபளத்தால் தொடர்ந்து வழுக்கியிருக்கிறது: தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், செகண்டரி ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், ஆழமான பனியில் அளவுக்கு மீறி இழுத்திருக்கலாம். பற்கள் பிய்ந்து போயிருந்தால் அதிர்ச்சி. திராட்டிலை விடாமல் மேட்டிலிருந்து குதித்து இறங்குகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். எங்கும் சமமாக ஒடுங்கியிருந்தால் மட்டுமே அது முதுமை. மாடலைப் பொறுத்து, புதிய அகலத்திலிருந்து 1.5 முதல் 3 மில்லிமீட்டர் குறைந்தால் மாற்றும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கேலிப்பரை எடுத்து அளந்து பாருங்கள். கண்மதிப்பு இங்கே உதவாது.

கிளச்சைத் திறந்தபின் நாம் செய்யும் தவறுகளில் கொடியது கிரீஸ். சத்தம் கேட்கிறது, இறுகுகிறது என்று நல்லெண்ணத்தோடு ஒரு துளி வைத்துவிடுகிறோம். கிளச்சுக்குள் இருக்கும் புஷ்கள் உலர்வாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. கிரீஸ் பெல்ட் தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிறது. சுழற்சியில் சிதறித் தட்டுக்கு வருகிறது. புதுப் பெல்ட் முதல் நாளே வழுக்குகிறது. இறுகினால் கழற்றுங்கள். காற்றடித்துத் தூசியை எடுங்கள், தட்டில் ஒட்டிய ரப்பரை ஸ்காட்ச்-பிரைட்டால் இலேசாகத் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். ரோலர் தட்டையாகியிருக்கிறதா, வெயிட்டின் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஹீலிக்ஸில் ஓடும் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் முறியாவிட்டாலும் சோர்ந்துபோகும். அதன் நீளத்தைக் கையேட்டோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும்.

பெல்ட்டின் தொய்வையும் அப்படியே கையேட்டோடு ஒப்பிடுங்கள். இறுக்கமாக இருந்தால் ஐட்லிலேயே வண்டி ஊரும், பெல்ட் நின்ற இடத்தில் சுடும். அளவுக்கு மீறித் தொங்கினால் புறப்படும்போது உலுக்கும்.

எங்கே வழுக்குகிறது என்று சந்தேகம் வந்தால், ஐந்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நிறுத்தியதும் இரண்டு கிளச்சின் தட்டுகளையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். எது கூடுதலாகச் சுடுகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். பெல்ட் கார்டைக் கழற்றிவைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். 8000 ஆர்பிஎம்மில் அறுந்த பெல்ட்டோ கழன்ற வெயிட்டோ பறந்தால் ஒதுங்குவதற்கு நேரமிருக்காது.

புதுப் பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. அகலம் ஒத்துப்போகிறது என்று வேறு பெல்ட்டை மாட்டாதீர்கள். கோணமும் ரப்பர் கலவையும் வேறாக இருக்கலாம். பாக எண்ணைப் பாருங்கள். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, அம்புக்குறி காட்டும் திசையில் மாட்டுங்கள். முதல் 50 கிலோமீட்டர் முழுத் திராட்டில் வேண்டாம். உதிரிப் பெல்ட்டையும் இப்படி ஓட்டிப் பழக்கியபின் எடுத்துவைப்பது நல்லது. புத்தம் புதிய பெல்ட்டைக் காட்டுக்குள் மாட்டினால் வீடு வந்து சேரும் அவசரத்தில் அந்த 50 கிலோமீட்டரை யாரும் பொறுமையாக ஓட்டமாட்டார்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1934இன் குளிர்காலத்தில், கியூபெக்கின் வால்கோர்ட்டில், பனி மூடிய பாதையால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தன் சின்ன மகனைப் பறிகொடுத்தவர் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. பனியில் ஓடும் வண்டிக்காகவே உழைத்த அவரிடமிருந்துதான் 1959இல் ஸ்கி-டூ வந்தது. வடக்கு ஒன்ராறியோவில் −30 பாகைக் குளிரில், வீதியிலிருந்து 40 கிலோமீட்டர் உள்ளே, உறைந்த ஏரியின் நடுவில் பெல்ட் அறுந்தால், வண்டியை ஓட்டிவந்தவரும் அதே பனியில்தான் நிற்கிறார்.

ஸ்னோமொபைல் பாதைகள் திறக்க இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. இந்த ஆண்டு உங்கள் பட்டறையில் ஒன்றை வழக்கமாக்குங்கள். பெல்ட் மாற்றும் ஒவ்வொரு பில்லிலும், பழையது எதனால் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் வண்டியை வெளியே விடாதீர்கள்.